நான் நிறுத்தச் சொல்லும்வரை

புதிதாகப் பணியில் சேர்ந்து மலையேறி வந்திருக்கும் தங்கைகளே, ஊசி போடுவதையும் பதிவேடு எழுதுவதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். கணினியில் ஒரு பெயரைப் பதிவதற்குள் மூன்று முறை கண்ணாடியைக் கழற்றி மாட்டியவள் நான். எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியராகச் சேருகிறவளுக்கு அரசாங்கம் ஒரு பை தருகிறது, எடை பார்க்கிற தராசு தருகிறது, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி தருகிறது. இவற்றோடு, யாரும் கையெழுத்து வாங்காமல் தருகிற ஒன்றும் உண்டு. அவள் சொன்னால் ஊர் கேட்கும். கையெழுத்துப் போட்டு வாங்காததால் அதை நாம் பத்திரமாக வைத்துக்கொள்வதுமில்லை.

நான் துறையூர்ப் பக்கத்துக்காரி. புளியஞ்சோலை ஓடையில் குளிக்கப் போகும்போதெல்லாம் இந்த மலையை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறிப் பார்த்ததில்லை. இரண்டு வருடம் இருந்துவிட்டு மாறுதல் வாங்கிக்கொள்ளலாம் என்று மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த குண்டனி நாட்டுக்கு வந்தவள், பத்தொன்பது வருடம் இருந்துவிட்டேன். ஓய்வு பெற்ற நாளில் சால்வை போர்த்தி, என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள். அன்று யாரும் பேசாத ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டுமென்று தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

என் கிராமங்களில் வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளையன். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி என்று இங்கே எல்லோருக்கும் இருப்பதுதான் அவருக்கும் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், மிளகு பறிக்கிற காலத்தில் மற்ற வீடுகளில் ஆண்கள் ஒற்றை மூங்கில் ஏணியில் கணுக்கணுவாகக் கால் வைத்து ஏறுவார்கள். அவர் வீட்டில் மனைவி பாப்பாத்திதான் ஏறுவாள். வலிப்பு இருக்கிறவர் மரமேறக் கூடாது என்று நான் போட்ட உத்தரவு அது. ஊரில் யாரும் கேலி பேசுவதற்கு முன்னால் அவரே முந்திக்கொள்வார். "எங்கூட்டுல அவ ஏறுவாங்க, நான் ஏணி புடிப்பேங்க. நர்சம்மா சட்டமுங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் அப்படி என் பேச்சைக் கேட்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கொரோனாவுக்கு எட்டு வருடம் முன்பு, ஆடி நோன்புக்காக ஒரு வாரம் மாத்திரையை விட்டுவிட்டார். ஒரே நாளில் மூன்று முறை வலிப்பு. மூன்றாவது முறை அடுப்பின்மேல் விழுந்து இடது கை வெந்துபோனது. ஒரு மாதம் நான்தான் போய்க் கட்டுப் போட்டேன். கட்டுப் போட்டேன் என்பதைவிடத் திட்டினேன் என்று சொல்வதுதான் சரி. எனக்குக் கோபம் வந்தால் வாய் நீளும். "நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. சாமியே வந்து சொன்னாலும் நிறுத்தக் கூடாது. புரிஞ்சுதா?" என்று கத்தினேன். "சரிங்க நர்சம்மா" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. அதை எனக்குக் காட்டுவதற்காகவே, தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை ஒரு கம்பியில் கோத்து, வாசல் நிலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் மாதாமாதம் போகும்போது கம்பியை ஆட்டிக் காட்டுவார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம்தான் அப்போது அவருக்கு இருக்கும். எட்டு வருடத்தில் ஒரு வலிப்புகூட வரவில்லை.

பிறகு கொரோனா வந்தது. முதல் அலை மலையை அதிகம் தொடவில்லை. இரண்டாம் அலையில் தப்பவில்லை. பலாப்பழக் காலம் அது. லாரி ஏறி வராததால் பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து வெடித்து, ஊர் முழுக்க அந்த வாசனை. வீட்டுக்கு வீடு காய்ச்சல். பரிசோதனையில் இருக்கிறது என்று வந்தவர்களுக்கு ஒரு கவரில் காய்ச்சல் மாத்திரையும் சத்து மாத்திரைகளும் போட்டுக் கொடுப்போம். ஆனால் பயம் யாரை விட்டது? புளியஞ்சோலைப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கடைகளில் கலர்கலராக மாத்திரை வாங்கி வந்து பங்குபோட்டு விழுங்கினார்கள். அப்படி விழுங்கிய ஒருவர் ரத்தமாக வாந்தியெடுத்தார். அவரைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்துவிட்டு வந்த எரிச்சலில்தான் நான் அந்த அறிவிப்பைப் பேசினேன்.

ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று எங்கள் ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் யாரோ சென்னையில் பேசிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் காது கொடுக்கவில்லை. "சிஸ்டர், உங்க குரல்ல பேசிக் குடுங்க, மக்க கேப்பாங்க" என்றார் டிரைவர். செல்போனில் பேசிக் கொடுத்தேன். "நர்சம்மா பேசறேனுங்க. காச்சல் இருக்கறவங்க நாங்க குடுக்கற கவர்ல இருக்கற மாத்திரைய மட்டும் சாப்பிடுங்க. வேற எந்த மாத்திரையும் பதினாலு நாளைக்கு வாயில வெக்காதீங்க." கேட்டவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடை மாத்திரை விழுங்குவதும் நின்றது.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு காலையில் பாப்பாத்தி என்னைத் தேடி வந்தாள். வெள்ளையனுக்குக் காய்ச்சல் வந்து கவர் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். அவளுக்கும் காய்ச்சல் வந்து விட்டிருந்தது. முந்தானையை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு தூரமாகவே நின்றாள்.

"ஊட்டுக்காரரு ஒரு மாதிரி இருக்காருங்க நர்சம்மா. கூப்புட்டாப் பாக்கறாரு, பேசமாட்டேங்கறாரு. நேத்துச் சாயங்காலத்துல இருந்து இப்படித்தானுங்க."

மழைக்கோட்டு மாதிரியான அந்தப் பாதுகாப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு கொதித்தது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு நன்றாகவே இருந்தது. அந்த நாட்களில் எங்களுக்கு அந்த எண்தான் எல்லாம். எண் நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அடுத்த வீட்டுக்கு ஓடுவோம். அவர் என்னைப் பார்த்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார். வலது கை விரல்கள் வேட்டி ஓரத்தை நீவுவதும் விடுவதுமாக இருந்தன. "வெள்ளையன், என்னைத் தெரியுதுங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

தங்கைகளே, என் கண்ணுக்கு முன்னால் வலிப்பு இருந்தது. கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நான் நினைத்திருந்தேன். பார்த்தபடி உட்கார்ந்திருந்தாலும், மணிக்கணக்காக வாயை மென்றுகொண்டிருந்தாலும், மூளைக்குள் அது ஓடிக்கொண்டிருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. கொரோனா என்றால் மூச்சு, நுரையீரல் என்பதோடு என் புத்தி நின்றுவிட்டது. "பயந்துட்டாரு, தூக்கமும் இல்லை. காய்ச்சல் இறங்கினாச் சரியாயிடும்" என்று பாப்பாத்தியிடம் சொன்னேன். ஈரத்துணி போட்டுத் துடைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்று இன்னும் பதினைந்து வீடுகள் பாக்கி இருந்தன.

வீட்டிலிருந்து மேட்டில் ஏறினால்தான் ரோடு. பாதி ஏறியிருப்பேன். மேலே வளைவில் ஜீப் வந்தது. "நர்சம்மா பேசறேனுங்க" என்று என் குரல் கேட்டது. பத்து நாளாகக் கேட்டுப் பழகிப்போய், என் காதில் விழாமலே போய்க்கொண்டிருந்த குரல். மூச்சு வாங்க நின்றதால் அன்று முழுதாகக் கேட்டேன். வேற எந்த மாத்திரையும் பதினாலு நாளைக்கு வாயில வெக்காதீங்க.

திரும்பி ஓடினேன். வாசல் நிலைக்குப் பக்கத்தில் அந்தக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இந்த மாத அட்டையைத் தேடினேன். அது அதில் இல்லை. மாடக்குழியில் கிடந்தது. நான்கு மாத்திரை எடுத்த அட்டை. மிச்சம் அப்படியே இருந்தது.

"பாப்பாத்தி, வலிப்பு மாத்திரை எப்ப நிறுத்தினாரு?"

அவளுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்று விளங்கவில்லை. "காச்சல் வந்த அன்னிக்கே நிறுத்திப்போட்டாருங்க. நீங்கதானுங்களே ஜீப்பு ரேடியோவுல சொன்னீங்க. நான்கூட, இதையுமான்னு கேட்டனுங்க. அதுக்கு அவரு, 'நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க. எட்டு வருஷம் நிறுத்தல. இப்ப அவங்களே சொல்லிட்டாங்க'ன்னாருங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. கை கால் விறைத்து, கண் மேலே செருகி, உடம்பு முழுதும் வெட்டி இழுக்க ஆரம்பித்திருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பாப்பாத்தி இரும்புச் சாவியைக் கையில் திணிக்க வந்தாள், தடுத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகிற வலிப்பு தானாக நிற்குமென்று காத்திருக்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் பையில் அதை நிறுத்துகிற மருந்து இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்த பாப்பாத்தியின் தம்பி மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மூச்சுத் திணறிய ஒருவரை ஏற்றிக்கொண்டு அது அடிவாரத்துக்குப் போயிருந்தது. எழுபது வளைவு இறங்கி, எழுபது வளைவு ஏறி வர வேண்டும். ஜீப்பை நிறுத்தச் சொல்லி ஓடினேன். டிரைவர் தயங்கினார். "கொரோனாங்களே சிஸ்டர், எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "என் வாயால கெட்டது சார் இது. வண்டியை மட்டும் ஓட்டுங்க, நாங்க தூக்கறோம்" என்றேன். அவர் ஒரு வினாடி என்னைப் பார்த்துவிட்டு, அவரே இறங்கி வந்து வெள்ளையனைக் கால்பக்கம் பிடித்துத் தூக்கினார்.

இப்போது எங்கே போவது? மலைமேலேயே இருபது நிமிட தூரத்தில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். ஆனால் கர்ப்பிணிகளுக்காக அதை ஒதுக்கி வைத்திருந்தோம். கொரோனா நோயாளி உள்ளே வரக் கூடாது, நேரே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. உத்தரவில் நியாயம் இருந்தது. அன்று உள்ளே இரண்டு பெண்கள் பிரசவத்துக்குப் படுத்திருந்தார்கள். கீழே போக இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரம் அவர் மூளை தாங்காது.

அந்த இருபது நிமிடத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. நோயாளி உள்ளே வரக் கூடாது என்றுதான் உத்தரவு. டாக்டர் வெளியே வரக் கூடாது என்று அதில் இல்லை. முதல் வளைவிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். எனக்கு மகள் வயதுதான் அவருக்கு. "வலிப்பு நிக்கலைம்மா, காய்ச்சல் வந்த நாள்ல இருந்து மாத்திரை இல்லை, கொரோனா இருக்கு, ஜீப்புலயே வச்சிருக்கேன், முற்றத்துக்கு வாங்க" என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. நாங்கள் போய்ச் சேரும்போது பலா மரத்தடியில் ஊசியை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஜீப்புக்குள் ஏறி, குனிந்து, நரம்பைத் தேடி ஊசி போட்டார். இரண்டாவது ஊசிக்குத்தான் இழுப்பு நின்றது. ஆக்சிஜன் சிலிண்டரை ஜீப்பிலேயே ஏற்றி, பிரசவத்துக்கு இருந்தவர்களை அங்கிருந்த நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, அவரும் எங்களோடு கீழே வரை வந்தார்.

வழியில் அவரிடம் அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த உடுப்புக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. "மாத்திரை நின்னதும் காரணம்தான். காய்ச்சலும் காரணம்தான். இந்தக் கிருமியே மூளையைக் கிளறி விடுதுன்னும் சொல்றாங்க. ஏற்கெனவே வலிப்பு இருக்கறவங்களுக்கு எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது சிஸ்டர்" என்றார். எனக்கு ஆறுதலாக ஒரு கதவைத் திறந்து வைத்தார். அதன் வழியாகப் போக எனக்கு மனம் வரவில்லை. பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். "வலிப்பு மாத்திரை சாப்பிடற மத்த மூணு பேரையும் போய்ப் பாருங்க."

அன்று மாலையே பார்த்தேன். இன்னொரு பெண்ணும் நிறுத்தியிருந்தாள்; அவளுக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். வேறு அறிவிப்பு பேசினேன். தினமும் சாப்பிடுகிற மாத்திரையை ஒருபோதும் நிறுத்தாதீர்கள் என்று ஒவ்வொரு நோயாகப் பெயர் சொல்லிப் பேசினேன். பழையதை அழித்துவிட்டு இதையே ஜீப்பில் போடச் சொன்னேன்.

வெள்ளையன் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். உயிர் இருந்தது. பேச்சு மெதுவாகியிருந்தது. காய்ச்சல் வந்த நாட்களும் அதற்கு முன்னால் சில மாதங்களும் அவர் நினைவில் இல்லை. புதிதாக நடப்பதும் தங்கவில்லை. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, அரைமணி கழித்து, "பாப்பாத்தி, மாத்திரை போட்டனா?" என்று கேட்பார். எட்டு வருடத்தில் ஒரு வேளை தவறாத மனிதர். அவள் அட்டையை எடுத்துக் காட்டுவாள். சற்று நேரத்தில் மறுபடி கேட்பார்.

கீழே இருந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. நோயாளி தானாகவே மருந்தை நிறுத்தியதால் வலிப்பு வந்தது என்று அர்த்தம். யார் சொல்லி எழுதினார்களோ தெரியாது. அந்த நோயாளி நெரிசலில் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். டாக்டரம்மா மாறுதலாகிப் போன பிறகு வந்த புதிய டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, அக்கறையோடுதான், அவரைக் கடிந்துகொண்டார். "மருந்தை நீங்களா நிறுத்தலாமா? குடும்பத்தை நினைச்சுப் பாக்க வேண்டாமா?"

வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தானுங்க. மறந்துபோட்டனாட்ட இருக்குதுங்க" என்றார்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. புது டாக்டர் முன்னால் என் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம்தான் என்றும் நினைத்தேன். இந்த முழுக் கதையிலும் நான் வெட்கப்படுகிற இடம் அந்த அறிவிப்பு அல்ல, இதுதான். அறிவிப்பு தெரியாமல் நடந்தது. இது தெரிந்தே செய்தது.

அப்புறம் ஒவ்வொரு மாதமும் அவர் என்னிடமும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். முந்தைய மாதம் கேட்டது அவருக்கு நினைவிருக்காது. "எட்டு வருஷம் ஒழுங்காச் சாப்பிட்டுட்டு மறந்து போட்டனுங்களே நர்சம்மா. நீங்க அவ்வளவு சொல்லியும்." மூன்று மாதம் அதைக் கேட்டுக்கொண்டேன். நான்காவது மாதம் முடியவில்லை.

முதலில் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பிறகு மேலதிகாரிக்கு எழுதினேன். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி பதில் எழுதினேன். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் அதைத் தாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இந்த மலையில் உங்கள் சொல்லைச் சட்டமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் "எதையும்", "எல்லாம்", "யாரும்" என்று பேசுவதற்கு முன் ஒருமுறை நில்லுங்கள். உங்கள் ஊரின் நான்கு முகங்களை மனதில் கொண்டுவந்து, இந்தச் சொல் அவர்கள் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று பாருங்கள். அப்படியும் தவறு நடக்கும். நடந்தால் அதை நோயாளியின் பெயரில் எழுத விடாதீர்கள்.

அதன் பிறகு வெள்ளையன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மருந்து நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதினேன். "இவர் மருந்தைத் தானாக நிறுத்தவில்லை. மறக்கவும் இல்லை. நிறுத்தச் சொன்னது நான்." கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு அவருக்கு எதிரில் உட்கார்ந்து, அறிவிப்பு, ஜீப், கம்பி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

அவர் நோட்டை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடிக்க நேரம் ஆனது. மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்ப நான் மறக்கலீங்களா நர்சம்மா?"

"இல்லீங்க. ஒரு நாள்கூட மறக்கலீங்க."

அவர் கண் நிறைந்துவிட்டது. நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "பாப்பாத்தி, இங்க வா. நான் மறக்கலியாமா."

அவள் அடுப்படியிலிருந்து வந்து, அந்த நோட்டை வாங்கி, கம்பியில் அட்டைகளுக்கு நடுவில் கோத்துத் தொங்கவிட்டாள். அவர் மறந்துபோய்த் திரும்பக் கேட்கும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டுகிறாளாம். தினமும் புதிதாகப் படித்துவிட்டு, தினமும் சந்தோஷப்படுகிறாராம்.